நட்டமும் பழியும்

இலண்டனிலே வாழும் என் தமக்கையின் மகனுக்கு வயது பதின்மூன்று. தமிழிலே தடையின்றிப் பேசுவான், எழுதுவதென்றால் தயங்குவான். அத்தகையவன் சென்ற மாதம் எனக்குத் தமிழிலே நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தான். கடிதத்தின் பொருள் விளையாட்டு அட்டைகள். யப்பானிலே 1996ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கி, 1999 முதல் ஆங்கிலத்திலும் அச்சாகி, இன்று பல நாட்டுச் சிறுவர்களின் சட்டைப் பைகளிலே குடியிருக்கும் பொக்கிமொன் அட்டைகளைச் சேர்ப்பவன் அவன். வேறொரு நகரிலே வாழும், தான் நேரிற் கண்டிராத ஒரு சிறுவனோடு அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்ள உடன்பட்டிருக்கிறான். இருவரும் ஒரே நாளிலே தபாலில் இட்டிருக்கின்றனர். என் மருமகனுடைய உறை, போகும் வழியை அறியத்தக்க எண்ணோடு போயிருக்கிறது. அதற்கான காசைத் தாய் கொடுத்திருக்கிறாள். மற்றவனோ சாதாரண உறையிலே முத்திரை ஒட்டிப் பெட்டியிற் போட்டதாகக் கூறுகிறான். இவனுடைய அட்டை போய்ச் சேர்ந்தது. அவனுடைய அட்டை மூன்று கிழமை கழிந்தும் வரவில்லை. “நான் அனுப்பினேன்” என்கிறான் அவன். “எனக்குக் கிடைக்கவில்லை” என்கிறான் இவன். ஈற்றில் இருவரும் ஒருவரையொருவர் கள்ளன் என்று ஏசிப் பிரிந்துவிட்டனர். கடிதத்தின் கடைசி வரி இது: “மாமா, அவன் கள்ளனா, அல்லது நான் மடையனா?”

படித்தபோது முதலிலே சிரிப்புத்தான் வந்தது. உள்ளங்கையளவு அட்டைத் துண்டுக்கு இத்தனை கோபமா என்று எண்ணினேன். ஆயினும் அந்தக் கடைசி வரி மனத்தை விட்டு நீங்கவில்லை. ஒரு பொருள் காணாமற் போனால் ஒருவன் கள்ளனாக இருத்தல் வேண்டும். அன்றேல் மற்றவன் மடையனாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது விடையொன்று உண்டென்பது அவனுக்குத் தோன்றவில்லை. அவனை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. வயது வந்தவர்களாகிய நாமும் பெரும்பாலும் இவ்வாறே சிந்திக்கின்றோம். எனவே இச்சிறு வழக்கைச் சற்று விரித்து ஆராய்தல் தகும்.

அட்டையின் கதையையே முதலில் எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்கச் சிகரெட் கொம்பனிகள், மெல்லிய கடதாசிப் பெட்டி நசுங்காதிருக்கும் பொருட்டு உள்ளே தடித்த அட்டையொன்றைச் செருகி வைத்தன. அதிலே படத்தை அச்சிட்டால் விற்பனை பெருகும் என்பதை விரைவிலே கண்டுகொண்டன. பெட்டியைத் தாங்கிய அட்டை இவ்வாறு சேகரிப்போர் தேடும் பண்டமாயிற்று. 1909 முதல் 1911 வரை வெளிவந்த தொடரொன்றிலே, ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் பொறித்த அட்டையொன்று 2022ஆம் ஆண்டு 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குக் கைமாறியது. 1952இல் அச்சான மிக்கி மான்டிலின் அட்டையொன்று அதே ஆண்டு 1 கோடி 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. சிகரெட்டைக் காக்கப் பிறந்த அட்டை, இன்று தன்னைக் காக்க வன்மையான பிளாஸ்டிக் உறையொன்றைத் தேடி நிற்கிறது. பயன்மதிப்பு முற்றாக மறைந்து பரிவர்த்தனை மதிப்பு மாத்திரம் எஞ்சியிருப்பதற்கு இதனைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

“அப்படியாயின் இது சந்தையின் பித்து, இதிலே அறவினா எங்கேயுள்ளது?” என்று சிலர் கேட்கலாம். பொருளின் விலையைப் பற்றிய வினா வேறு. மனிதர் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கைப் பற்றிய வினா வேறு. தொலைந்தது அட்டையாயினும், புத்தகமாயினும், வேலை விண்ணப்பமாயினும், கண்காணாத ஒருவரை நம்பிக் கையை நீட்டியவர் வெறுங்கையோடு நிற்கிறார். பதின்மூன்று வயதுச் சிறுவன் பல மாதம் காசு சேர்த்துப் பெற்ற அட்டை, அவனளவிலே அற்பப் பொருளன்று.

இனி, தபாலிலே ஒரு பொருள் எவ்வாறு தொலைகிறது? பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் சாதாரண கடிதங்களைப் பெரும்பாலும் இயந்திரங்களே பிரிக்கின்றன. உறைகள் பட்டிகளுக்கும் உருளைகளுக்கும் இடையே பெரும் வேகத்தில் வளைந்து ஓடுகின்றன. கடதாசி வளையும், வன்மையான பிளாஸ்டிக் வளையாது. உருளைக்கிடையே அது சிக்குமாயின் உறை கிழியும், அட்டை வெளியே விழும். சிலவேளை கிழிந்த வெற்றுறை மாத்திரம் உரியவர் வீடு வந்து சேர்வதுமுண்டு. உரியவரை அறிய முடியாத பொருள்களைச் சேர்த்துவைக்க அமெரிக்கத் தபாற்பகுதி அத்லாந்தா நகரிலும், பிரித்தானியத் தபாற்சேவை பெல்பாஸ்ட் நகரிலும் நிலையங்களை நடத்துகின்றன. ஆனால் உறையை இழந்த அட்டைக்குப் பெயருமில்லை, முகவரியுமில்லை. அது யாருடையதென்று எவரால் கூறவியலும்? இவை தவிர, முகவரியில் ஓரெண் பிழைக்கலாம். அயல்வீட்டுப் பெட்டியிலே உறை விழலாம். வாசலிற் கிடந்ததை வழிப்போக்கன் எடுத்துச் செல்லலாம். தபாற்பகுதிக்கு உள்ளேயே களவு நிகழவும் கூடும். அனுப்பியவன் சொல்வதும் மெய், கிடைக்கவில்லை என்பவன் சொல்வதும் மெய், அட்டையோ இல்லை. இது நடக்கக்கூடியது மாத்திரமன்று, அடிக்கடி நடப்பதுமாகும்.

ஆயினும் இருவரிடமும் சான்று கேட்கப்படுகிறது. அவர்கள் எதனைக் காட்ட முடியும்? அனுப்பியவர் தபாற்கந்தோர்ப் பற்றுச்சீட்டை நீட்டலாம். ஓர் உறை கையளிக்கப்பட்டது என்பதையே அச்சீட்டுச் சொல்லும். உறைக்குள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. உறை வாசலை அடைந்தது என்று கணினிப் பதிவு காட்டலாம். எந்தக் கை அதனை எடுத்தது என்பதை அதுவும் காட்டாது. பெற வேண்டியவரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கிடைத்ததைக் காட்டலாம்; கிடைக்காததை எவ்வாறு காட்டுவது? இல்லாமைக்குச் சான்று கேட்பது நியாயமன்று என்பது சட்ட அறிஞர் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட உண்மை.

இவ்விடத்திலே தமிழ் கற்ற எவருக்கும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமற் போகாது. அரசியின் சிலம்பு காணாமற் போயிற்று. அயலூரிலிருந்து வந்த ஒருவன் அதனையொத்த சிலம்பொன்றை விற்க முயன்றான். காணாமற் போனதும் கையிலிருந்ததும் ஒத்திருந்தமையால் ஆராய்ச்சி தேவையற்றதாயிற்று, உயிரும் போயிற்று. ஆனால் அங்கே ஒரு வசதி இருந்தது. சிலம்பை உடைத்துப் பார்க்க முடிந்தது. உள்ளேயிருந்த பரல் முத்தன்று, மாணிக்கமே என்று கண்டபோது பாண்டியன் தன் பிழையை உணர்ந்தான். தொலைந்துபோன கடிதத்திலே அந்த வசதியும் இல்லை. உடைத்துப் பார்ப்பதற்குச் சிலம்பே இல்லாத வழக்கு இது. உடைத்துப் பார்க்கக்கூடிய வழக்கிலேயே அரசன் பிழைத்தானாயின், இத்தகைய வழக்கிலே நாம் எத்துணை அடக்கத்தோடு இருத்தல் வேண்டும்?

எனது கருத்து இதுதான். இவ்வழக்குகளிலே இரண்டு வினாக்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ‘பொய் சொல்பவர் யார்?’ என்பது ஒன்று. ‘நட்டத்தை ஏற்க வேண்டியவர் யார்?’ என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குப் பல வேளைகளிலே விடையே கிடையாது. இரண்டாவது வினாவுக்கோ விடை கூறியே தீரவேண்டும். ஏனெனில் பொருள் போனது போனதுதான், அதன் சுமை யாரேனும் ஒருவர் தோளிலே இறங்கியாக வேண்டும். நாமோ இரண்டாவதன் விடையை முதலாவதன் விடையிலே தொங்கவிடுகின்றோம். இதனால் விளைவது யாது? நட்டத்திலிருந்து தப்ப விரும்பும் ஒவ்வொருவரும் மற்றவரைப் பொய்யராக்க வேண்டியவராகின்றார். அச்சிறுவர் இருவரும் இயல்பிலே தீயவரல்லர். ஒருவனைக் கள்ளனாக்கினாலன்றி மற்றவனுக்கு நீதி கிடையாது என்ற நிலையே அவர்களை ஏசவைத்தது.

சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே இச்சிக்கலைச் சந்தித்திருக்கிறது. 1874ஆம் ஆண்டு இங்கிலாந்திலே கிறான்ற் என்பவர் காப்புறுதிக் கொம்பனியொன்றின் 100 பங்குகளுக்கு விண்ணப்பித்தார். பங்குகள் ஒதுக்கப்பட்டன என்ற கடிதத்தைக் கொம்பனி தபாலிலே இட்டது. அது அவரை அடையவேயில்லை. பின்னர் கொம்பனி முறிந்தபோது, செலுத்தாத பணத்தைத் தருமாறு அவர்மேல் வழக்கு எழுந்தது. கடிதம் அனுப்பப்பட்டதும் மெய், கிடைக்காததும் மெய் என்ற அடிப்படையிலேயே 1879இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதியரசர் தெசிஜரும் அவரோடு உடன்பட்டவரும், கடிதம் தபாலிலே இடப்பட்டபோதே ஒப்பந்தம் நிறைவெய்தியது என்றனர். கிறான்ற் பணம் கட்ட வேண்டியவரானார். அன்றேல் ‘கிடைக்கவில்லை’ என்று பொய் கூறுவோருக்குக் கதவு திறந்துவிடும் என்பதும் அவர்கள் காட்டிய நியாயங்களுள் ஒன்று. கிடைக்காத கடிதம் எழுதப்படாத கடிதத்துக்கே ஒப்பானது என்ற கருத்தோடு பிறாம்வெல் என்ற நீதியரசர் மாறுபட்டு நின்றார். அவர் கருத்துத் தோற்றது. பொய்யுரைத்தார் என்று எவரும் நிறுவாத ஒரு மனிதர், வேறு யாரோ என்றோ பொய்யுரைக்கக்கூடும் என்ற அச்சத்துக்கும் சேர்த்தே விலை கொடுத்தார் எனலாம்.

எமது நாட்டிலே 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. வாங்குவோருக்கு அனுப்புமாறு கொண்டுசெல்வோரிடம் பொருளை ஒப்படைத்தல், மாறான சான்றில்லாதவிடத்து, வாங்குவோரிடமே ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும் என்பது அதன் பொதுவிதி. ஆனால் அவ்விதியோடு இன்னொன்றும் உண்டு: பொருளின் தன்மைக்கு ஏற்ற வகையிலே அனுப்பும் ஒழுங்கைச் செய்வது விற்பவரின் கடமை, அதிலே தவறினால், வழியிலே பொருள் தொலையுமிடத்து, வாங்குபவர் அதனைத் தம்மிடம் ஒப்படைத்ததாக ஏற்க மறுக்கலாம். இவ்விதி மிகவும் சிந்திக்கற்பாலது. இங்கே ‘நீர் பொய்யரா?’ என்று கேட்கப்படவில்லை. ‘இப்பொருளை இவ்வழியே அனுப்புவது தகுமா?’ என்றே கேட்கப்படுகிறது. அரும்பொருளை ஒற்றை முத்திரையோடு பெட்டியிற் போட்டவர் முழு நேர்மையாளராகவே இருக்கலாம். எனினும் வழியைத் தெரிந்தவர் அவர். மிச்சம் பிடித்தவரும் அவர். நட்டம் அவரைச் சார்வது பழியன்று, பொறுப்பு.

பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. வாங்கியவர் தாமே கொண்டுசெல்வோரைத் தெரிந்தாலன்றி, வியாபாரி அனுப்பிய பொருள் நுகர்வோரின் கையை அடையும்வரை அதன் அபாயம் வியாபாரியுடையதே. 1879இலிருந்து 2015 வரையுள்ள 136 ஆண்டுகளிலே, நட்டத்தின் சுமை பெறுபவரின் தோளிலிருந்து மெல்ல நகர்ந்து, அனுப்பும் வழியை ஆளும் வலிமையுடையவரின் தோளுக்கு மாறியிருக்கிறது. ஆயிரம் பொதி அனுப்புகிறவர் தொலையும் ஒன்றின் நட்டத்தை ஆயிரத்தின் மேலும் பரப்பிவிடலாம். ஒன்றை மட்டும் எதிர்பார்த்திருப்பவருக்குப் பரப்புவதற்கு இடமில்லை.

எனினும் இவ்விதி வியாபாரியை நோக்கியதே. இரு தனிமனிதருக்கிடையே இது செல்லாது. இந்த இடைவெளியிலேதான் இன்றைய அட்டைச் சந்தையின் பெரும்பகுதி நடைபெறுகிறது. அதனை நடத்தும் இணையக் கொம்பனிகள் ஒவ்வொரு விற்பனையிலும் தரகு பெறுகின்றன. பொருள் கிடைக்கவில்லை என்று வாங்கியவர் முறையிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் செய்கின்றன. ஆனால் அப்பணம் பெரும்பாலும் விற்றவரிடமிருந்தே எடுக்கப்படுகிறது. அவ்வாறு விற்பவர் எப்போதும் செல்வரல்லர். வேலையிழந்து, சிறுவயதிலே சேர்த்தவற்றை ஒவ்வொன்றாக விற்று வாழ்பவராகவும் இருக்கலாம். ஊதியத்திலே பங்கு கொள்பவர் நட்டத்திலும் பங்கு கொள்ளவேண்டும் என்பது பங்காளிகளுக்கிடையே பழைய நியாயம். சந்தையை அமைத்து, விதியை எழுதி, இலாபத்தையும் எடுத்துக்கொண்டு, நட்டம் வரும்போது மாத்திரம் “இது உங்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு” என்று ஒதுங்குவது எவ்வகை அறம்?

சேகரிப்போர் தமக்குள்ளே வகுத்துக்கொண்ட வழக்கமொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. அட்டை மாற்றும்போது, முன்னரே பலரோடு மாற்றி நற்பெயர் பெற்றவர் காத்திருப்பார். புதியவர் முதலிலே அனுப்பவேண்டும். நற்பெயரும் ஒரு மூலதனம். அது இல்லாதவர் அபாயத்தை முதலிலே சுமக்கிறார். கடன் கொடுக்கும் உலகிலே ஏழை அதிக வட்டி கட்டுவதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. இவ்வழக்கத்தை முற்றாகக் கண்டிக்க நான் வரவில்லை. அந்நியர்க்கிடையே நம்பிக்கை எங்கேயாவது தொடங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் புதியவரின் உறை தொலைந்தவுடன் அவரே பொய்யர் என்று தீர்மானிப்பது, அவர் அனுபவமற்றவர் என்பதையே குற்றமாக்குவதாகும்.

இவ்விருவரையும் பற்றிப் பேசும்போது, வழக்கிலே வாய்திறக்க இடமில்லாத மூன்றாமவர் ஒருவரை மறந்துவிடக்கூடாது. அனுப்பியவரும் பெறுபவரும் நல்லவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அடுத்த நொடியே “அப்படியாயின் தபாற்காரன் எடுத்திருப்பான்” என்கிறோம். சமாதானம் வேறொருவன் தலையிலே கட்டப்படுகிறது. மழையிலும் பனியிலும் நூற்றுக்கணக்கான வாசல்களை மிதிக்கும் தொழிலாளி அவர். கொடுத்தவற்றுக்காக அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கொடாத ஒன்றுக்காகவே பேசுகின்றனர்.

ஐயமும் இயந்திரமும் கைகோத்தால் யாது நடக்கும் என்பதற்குப் பிரித்தானியத் தபாற்கந்தோர்களின் அண்மைக்கால வரலாறே சாட்சி. அங்கே 1999 முதல் ‘ஹொறைசன்’ என்னும் கணினிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. அதிலிருந்த பிழைகளால் இல்லாத பணம் குறைந்ததாகக் காட்டப்பட்டது. கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் உபதபாற்கந்தோர்களை நடத்திய 900க்கும் மேற்பட்டோர் களவு, மோசடி, பொய்க் கணக்கு என்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். முறையிலே பிழையிருந்ததை 2019இல் நீதிமன்றம் கண்டது. 2024இல் தனிச்சட்டமொன்றின் மூலமே அத்தண்டனைகள் பெருந்தொகையாக நீக்கப்பட்டன. அவ்வழக்குகளிலே தொலைந்தது கடிதமன்று, கணக்கிலுள்ள பணம். ஆயினும் எண்ணம் ஒன்றே: ஏதோ குறைகிறது, ஆகவே யாரோ எடுத்திருக்கிறான், இயந்திரம் பொய் சொல்லாது, ஆகவே மனிதன் பொய் சொல்கிறான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். “பொய்யர் யார் என்று ஆராயாமலே நட்டத்தைப் பங்கிட்டால் பொய்யருக்கு அது வாய்ப்பாகாதா?” ஆகும், அதனை நான் மறைக்கவில்லை. கிடைத்ததைக் கிடைக்கவில்லை என்பவரும், வெற்றுறையை அனுப்பிவிட்டு அட்டையை அனுப்பியதாகச் சொல்பவரும் உலகிலே உளர். ஒருவரிடமே மீண்டும் மீண்டும் பொருள்கள் தொலையுமாயின் ஆராயத்தான் வேண்டும். சான்று கிடைத்தால் தண்டிக்கவும் வேண்டும். ஆனால் சான்று கிடைக்குமுன் தண்டிப்பதற்கு அது நியாயமாகாது. பொய்யர் சிலர் சில அட்டைகளைப் பெற்றுவிடுவதும் நட்டந்தான். ஆயினும் அந்நட்டத்தைப் பணத்தால் அளக்கலாம். நேர்மையாளர் ஒருவர் ஊரார் முன் கள்ளனாவதை எதனால் அளப்பது?

இத்துணையும் எழுதிவிட்டு என் கதையொன்றை மறைப்பது நேர்மையாகாது. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய ஆண்டிலே, மறுபதிப்புக் காணாத பழைய புத்தகமொன்றை நண்பர் ஒருவருக்கு இரவல் கொடுத்தேன். திருப்பிக் கேட்டபோது, சாதாரண தபாலிலே அனுப்பிவிட்டதாக அவர் எழுதினார். புத்தகம் வரவில்லை. “பரவாயில்லை, விடும்” என்று பதில் எழுதினேன். பெருந்தன்மையோடு நடந்துகொண்டதாக எனக்கு நானே பெருமையும் பட்டுக்கொண்டேன். ஆனால் பின்னர் இரு நண்பர்களிடம், “அவருக்குப் புத்தகம் கொடுத்தால் தபாலிலே தொலைந்துவிடும்” என்று சிரித்தபடி சொன்னேன். அச்சிரிப்பு அவர் காதை எட்டியது. இன்று கலியாண வீடுகளிலே காணும்போது தலையசைக்கிறோம், அவ்வளவுதான். நான் தபாற்கந்தோரிலே ஒருமுறை விசாரித்ததும் இல்லை. புத்தகம் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர் அனுப்பினாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பது இப்போது தெளிவாகிறது. இரவல் வாங்கியவர் அவர்; பத்திரமாகத் திருப்பி அனுப்பும் பொறுப்பும் அவருடையது. “நீர் அனுப்பியதை நம்புகிறேன், ஆயினும் பதிவுத் தபாலிலே அனுப்பாதமையால் விலையிலே பாதியையாவது நீர் ஏற்றுக்கொள்வது முறை” என்று வெளிப்படையாகக் கேட்டிருக்கலாம். அது கடுமையாகத் தோன்றியிருக்கும். ஆனால் வழக்கு அன்றே தீர்ந்திருக்கும். நானோ நட்டத்தை மன்னித்தேன், பழியை வைத்துக்கொண்டேன். பணம் கேட்பது சிறுமை என்று கருதிய நான், ஒரு மனிதரின் நற்பெயரைச் செலவிடுவதைச் சிறுமை என்று கருதவில்லை. மத்தியதர வர்க்கத்தினராகிய எம்மிடம் இத்தகைய பெருந்தன்மை மலிந்து கிடக்கிறது.

மருமகனுக்குப் பதில் எழுதினேன். “தம்பி, அவன் கள்ளன் என்பதற்கு உன்னிடம் சான்றில்லை, நீ மடையனுமல்லை. அவனை ஏசியதற்கு முதலிலே வருத்தம் தெரிவித்து எழுது. ‘நீ அனுப்பினாய் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று தெளிவாக எழுது. அதன் பின்னர், சாதாரண உறையைத் தெரிந்தவன் அவன் ஆகையால், உன் அட்டையைத் திருப்பி அனுப்புவதே முறை என்று கேள். அவன் இழந்தது அவனுக்கும் பெரிதாயிருக்கும் என்பதை மறவாதே. அவன் மறுத்தால் அட்டை போகட்டும். ஆனால் அதன் பிறகும் அவனைக் கள்ளன் என்று எவரிடமும் சொல்லாதே. தபாற்காரரையும் சொல்லாதே.”

அக்கடிதத்தை முடித்த பின்னர் இன்னொரு தாளை எடுத்து, அந்நண்பருக்கும் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். அதிலே புத்தகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் சிரித்ததைப் பற்றி மாத்திரமே எழுதினேன். அதனைப் பதிவுத் தபாலிலே அனுப்பியிருக்கிறேன்.